நம்பாதவர் காட்டிய நாதர்

இயேசு பெருமானின் திருமுகத்தை நற்செய்தியாளர் நால்வரில் எவரும் வருணிக்கவில்லை. அவர் நெடியவரா, குறியவரா, அவருடைய கண்கள் எத்தகையவை என்பனவற்றை அறிய நமக்கு வழியில்லை. நற்செய்தியின் இந்த மௌனத்தை இருபது நூற்றாண்டுகளாகக் கலைஞர்கள் தத்தம் கற்பனையால் நிரப்பி வந்துள்ளனர். உரோமை நகரின் நிலவறைக் கல்லறைச் சுவர்களில் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த இளம் ஆயனாக அவரைத் தீட்டினர். கிழக்கத்தியத் திருச்சபையின் ஆலயக் கூரைகளில் உலகையாளும் வேந்தராக அவரை அமர்த்தினர். நம் இல்லங்களில் மாலை சூட்டி மாட்டியிருக்கும் படங்களிலோ, மென்மையான கண்களும் அலையலையான கூந்தலுமாக அவர் நம்மை நோக்குகிறார்.

திரைப்படம் பிறந்தபொழுது அதுவும் இந்தப் பணியில் இறங்கியது. 1897ஆம் ஆண்டிலேயே ஆண்டவரின் திருப்பாடுகள் படமாக்கப்பட்டுவிட்டன. நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றிலும் இதற்கோர் இடமுண்டு. மும்பையில் கிறிஸ்துவின் வாழ்வைச் சித்திரிக்கும் மௌனப் படம் ஒன்றைக் கண்ட தாதாசாகேப் பால்கே, நம் புராணக் கதைகளையும் இவ்வாறு காட்டலாமே என்று உந்தப்பட்டு, 1913இல் 'ராஜா அரிச்சந்திரா'வை வெளியிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1927இல் செசில் டிமில்லின் 'அரசர்க்கரசர்', 1961இல் அதே பெயரில் நிக்கலஸ் ரே எடுத்த வண்ணப்படம் என ஆலிவுட்டிலிருந்து பெரும் பொருட்செலவில் இயேசுவின் கதைகள் வந்தவண்ணம் இருந்தன.

இவற்றினின்று முற்றிலும் விலகி நிற்கும் ஒரு படத்தைப் பற்றியே இக்கட்டுரையில் எண்ணிப்பார்க்க விரும்புகிறோம். 1964இல் இத்தாலியில் வெளிவந்த 'மத்தேயு எழுதிய நற்செய்தி' என்பது அதன் பெயர். அதை இயக்கிய பியெர் பாவ்லோ பசோலினி ஒரு மார்க்சியர். தம்மை நம்பிக்கையற்றவர் என்று வெளிப்படையாகக் கூறிக்கொண்டவர். நம்பாதவர் ஒருவர் நம் ஆண்டவரைக் காட்டும்பொழுது நம்புகிறவர் எவ்வாறு பார்ப்பது? மகிழ்வதா, தயங்குவதா? இரண்டுமே நம்முள் எழுகின்றன. அந்த இரண்டையும் மறைக்காமல் எடுத்துரைப்பதே நேர்மை.

அசிசியில் ஓர் அறை

பசோலினி 1922இல் பொலோஞா நகரில் பிறந்தவர். கவிஞராகவும் புதின ஆசிரியராகவும் பெயர்பெற்ற பின்னரே திரைப்படத்துக்கு வந்தார். 1949இல் அவருடைய தனிவாழ்வைப் பற்றி எழுந்த வழக்கை முன்னிட்டுப் பொதுவுடைமைக் கட்சி அவரை வெளியேற்றியது. அதே ஆண்டில்தான் பொதுவுடைமைக் கொள்கையை ஏற்றுப் பரப்புவோரைத் திருச்சபையினின்று விலக்கும் ஆணை உரோமையிலிருந்து வெளிவந்தது. கட்சிக்கும் ஆகாதவர், கோவிலுக்கும் ஆகாதவர் என்னும் நிலையில் அவர் நின்றார்.

1962 அக்டோபர் 4ஆம் நாள் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் உரோமையிலிருந்து ரயில் ஏறி லொரேத்தோவுக்கும் அசிசிக்கும் திருப்பயணம் மேற்கொண்டார். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தொடங்க ஒரு வாரமே இருந்தது. அதன் வெற்றிக்காக மன்றாடவே அந்த முதிய தந்தை அன்னையின் திருத்தலத்தையும், ஏழைகளின் தோழரான பிரான்சிசின் கல்லறையையும் நாடிச் சென்றார். அவ்வேளையில் பசோலினி அசிசியில் இருந்தார். அருள்தந்தை ஜொவான்னி ரொஸ்ஸி நிறுவிய 'புரோ சிவித்தாத்தே கிறிஸ்தியானா' என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பு, கலைஞர்களையும் அறிஞர்களையும் கொள்கை வேறுபாடு பாராமல் அழைத்து உரையாடி வந்தது. அந்த அழைப்பை ஏற்றே அவர் வந்திருந்தார். திருத்தந்தையைக் காணத் திரண்ட கூட்டத்தால் தெருக்கள் அடைபட்டிருந்தன; வெளியே செல்ல இயலவில்லை. தங்கியிருந்த அறையில் கட்டிலருகே கிடந்த நற்செய்தி நூலை எடுத்தார். மத்தேயுவில் தொடங்கினார், ஒரே மூச்சில் படித்து முடித்தார். படம் எடுக்கும் எண்ணம் அங்கே பிறந்தது.

விருந்தினர் அறையில் யாரோ ஒருவர் வைத்த ஒரு புத்தகம்! அதை அங்கே வைத்தவருக்கு அது என்ன செய்யும் என்று தெரிந்திராது. விதைக்கிறவர் உறங்கினாலும் விதை முளைக்கிறது என்ற உவமை நம் நினைவுக்கு வருகிறது.

தண்டனையும் சுற்றுமடலும்

ஆயினும் அடுத்து நிகழ்ந்தது வேறு. 1963 தொடக்கத்தில் 'லா ரிக்கோத்தா' என்னும் அவருடைய குறும்படம் வெளிவந்தது. ஆண்டவரின் பாடுகளைப் படமாக்கும் ஒரு குழுவில், நல்ல கள்வனாக நடிக்கும் ஏழைத் துணை நடிகன் ஒருவன் பசியால் வாடுகிறான். இறுதியில் கிடைத்ததையெல்லாம் அளவின்றி உண்டுவிட்டுச் சிலுவையிலேயே இறந்துபோகிறான். சமயப் படம் எடுப்போர் தம் கண்ணெதிரே பசித்திருப்பவனைக் காணவில்லை என்பதே அதன் குத்தல். ஆனால் அரசுச் சமயத்தை இழிவுபடுத்தியதாக வழக்குத் தொடரப்பட்டு, 1963 மார்ச் மாதம் பசோலினிக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளுபடியாயிற்று.

தண்டனை வந்த மறுமாதம், ஏப்ரல் 11ஆம் நாள், 23ஆம் அருளப்பர் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தவறு வேறு, தவறுகிற மனிதர் வேறு; தவறுகிறவரும் மனித மாண்பை இழப்பதில்லை என்று அம்மடல் தெளிவாக வேறுபடுத்திக் காட்டிற்று. நீதிமன்றம் குற்றவாளி என்று கூறிய ஒருவரோடு அசிசிக் கத்தோலிக்கர் உறவை முறித்துக்கொள்ளாததற்கு இந்த மனநிலையே காரணம் எனலாம். படத்தின் எழுத்துவடிவத்தை அவர்கள் படித்து ஆலோசனை கூறினர். அருள்தந்தை அந்திரெயா கர்ராரோ அவரோடு பயணமும் செய்தார். தாம் இயேசுவை இறைமகனென்று நம்பவில்லை; ஆயினும் மனிதத்தின் எல்லையைக் கடந்த ஓர் உயர்வை அவரிடம் காண்கிறேன் என்று பசோலினி அவர்களுக்கு வெளிப்படையாக எழுதினார். அவரும் ஒளிக்கவில்லை, அவர்களும் ஒளிக்கவில்லை.

அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் திருத்தந்தை இறையடி சேர்ந்தார். படம் முடிந்தபொழுது, அன்பும் மகிழ்வும் குடும்ப நெருக்கமும் மிக்க அவருடைய நினைவுக்கே பசோலினி அதைக் காணிக்கையாக்கினார். நம்பாதவர் ஒருவர் தம் படைப்பின் முதல் வரியில் ஒரு திருத்தந்தையின் பெயரை எழுதினார் என்பது திருச்சபை வரலாற்றில் சிறிய நிகழ்ச்சி அன்று.

குகை வீடுகளின் எருசலேம்

1963இல் அவர் புனித நாட்டுக்குச் சென்று இடம் தேடினார். எங்கும் புதிய கட்டடங்களும் நவீன வேளாண்மையும் தென்பட்டன. தாம் தேடிய பழமையும் வறுமையும் அங்கே இல்லை என்று கண்டு திரும்பினார். அப்பயணமே தனியொரு விவரணப் படமாக வெளிவந்துள்ளது. பின்னர்த் தம் நாட்டின் தென்பகுதியைத் தேர்ந்தார். மாத்தேரா என்னும் ஊரின் பாறைச்சரிவில் குடைந்த வீடுகள் எருசலேமாயின. பரிலே என்னும் சிற்றூர் பெத்லகேமாயிற்று. எட்னா எரிமலையின் சாம்பல் சரிவில் அலகை ஆண்டவரைச் சோதித்தது.

மாத்தேராவைப் பற்றி ஒரு சொல். அங்கே மனிதரும் கால்நடைகளும் ஒரே குகையில் வாழ்ந்தனர்; நோயும் குழந்தை இறப்பும் மலிந்திருந்தன. அது நாட்டுக்கே அவமானம் என்று கருதி, 1952இல் சட்டம் இயற்றி அம்மக்களைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றத் தொடங்கினர். வளரும் நாடு காணக் கூசிய அந்தக் குகைகளிடையேதான் பசோலினி ஆண்டவரை நடக்க வைத்தார். தொழுவத்தில் பிறந்தவருக்கு அது பொருந்தாத இடமா?

நடித்தவருள் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர் அல்லர். உழவர், தொழிலாளர், எழுத்தாளர் எனப் பலரும் இருந்தனர். இயேசுவாக நடித்தவர் என்ரிக்கே இரசோக்கி என்னும் 19 வயது ஸ்பானிய மாணவர். பிராங்கோவின் சர்வாதிகாரத்தை எதிர்க்க இத்தாலிய அறிஞர்களின் ஆதரவைத் திரட்ட வந்தவர் அவர். பசோலினி அவரைக் கண்டதும் இவரே என்று முடிவு செய்தார். முதிய வயது மரியாவாக நடித்தவர் பசோலினியின் தாய் சூசன்னா. அவருடைய இளைய மகன் குயிதோ, 1945இல் விடுதலைப் போரின்போது, பொதுவுடைமைப் படையினர் கையாலேயே கொல்லப்பட்டவர். மகனைப் பறிகொடுத்த தாயே சிலுவையடியில் நின்றார்.

மகிழ்வு தருவன

படத்தில் பேசப்படும் சொற்கள் மத்தேயு நற்செய்தியினின்றே எடுக்கப்பட்டவை. காதல் கதை இல்லை, கற்பனைப் பாத்திரங்கள் இல்லை, தேரோட்டம் இல்லை. இறைவார்த்தையை மெருகேற்றாமல் அப்படியே ஒலிக்க விட்ட துணிவு, நம்பிக்கையுள்ள இயக்குநர் பலரிடமும் காணாத ஒன்று.

தொடக்கக் காட்சியைப் பாருங்கள். கருவுற்ற ஓர் இளம்பெண்ணின் முகம். அவளை நோக்கும் ஒரு மனிதரின் கலங்கிய முகம். ஒரு சொல்லும் இல்லை. சூசையப்பர் தலைகவிழ்ந்து வெளியேறுகிறார், சிறுவர் விளையாடும் இடத்தருகே சோர்ந்து துயில்கிறார், வானதூதரின் செய்தி வருகிறது, திரும்பி வருகிறார். இப்பொழுது இருவர் முகத்திலும் புன்னகை மலர்கிறது. மறையுரைகளில் நாம் பன்முறை கேட்ட நிகழ்ச்சிதான். ஆனால் அந்த நேர்மையாளர் எத்தகைய இரவைக் கடந்திருப்பார் என்பதை இத்துணை அண்மையில் நாம் உணர்ந்ததுண்டா?

மலைப்பொழிவை இயேசுவின் முகத்தை மட்டும் காட்டியே அமைத்துள்ளார். பின்னணியில் ஒளியும் இருளும் காற்றும் மாறி மாறி வருகின்றன. சொற்கள் நில்லாமல் வருகின்றன. தாம் ஒருநாள் மட்டும் சொன்ன உரையன்று, பகலும் இரவும் சொல்லிக்கொண்டே இருந்த செய்தி என்பதுபோல் அது தோன்றுகிறது. தலைமைக் குருவின் முன் நடந்த விசாரணையையோ, கூட்டத்தின் பின்னால் நிற்கும் ஒருவன் தலைகளுக்கிடையே எட்டிப் பார்ப்பதுபோல் காட்டுகிறார். ஆண்டவர் தொலைவில் இருக்கிறார். நமக்குச் சரியாகத் தெரியவில்லை. நாம் பேதுருவின் இடத்தில் நிற்கிறோம். மறுதலிக்கப்போகிறவரின் இடம் அது.

இசையிலும் ஒரு பரந்த நோக்கு உண்டு. பாஃக்கின் திருப்பாடுகள் இசையோடு, கறுப்பின மக்கள் அடிமை நாட்களில் பாடிய தாயற்ற பிள்ளையின் துயரப் பாடலும், காங்கோ நாட்டு மக்களின் முறையில் அமைந்த 'மிசா லூபா' திருப்பலி இசையும் ஒலிக்கின்றன. வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவு திறந்த அதே காலத்தில், ஆப்பிரிக்கர் தாளத்தில் 'உன்னதங்களிலே' கீதம் இத்தாலியத் திரையரங்குகளில் முழங்கிற்று.

இன்னொன்றையும் கூறவேண்டும். மத்தேயு தம் நற்செய்தியில் சிலுவையருகே நின்ற பெண்களைக் குறிப்பிடும்பொழுது இயேசுவின் தாயைக் குறிப்பிடவில்லை. அன்னை அங்கு நின்றதை நமக்குச் சொல்பவர் யோவான். மத்தேயுவை எழுத்துப் பிசகாமல் பின்பற்ற முனைந்த பசோலினி, இங்கே மட்டும் யோவானிடம் கடன் வாங்குகிறார். தாயின்றிச் சிலுவையைக் காட்ட அவரால் இயலவில்லை போலும். வியாகுல மாதாவின் முன் மெழுகுதிரி ஏற்றி வளர்ந்த நமக்கு அது புரிகிறது.

தயக்கம் தருவன

ஆயினும் எல்லாவற்றையும் நம் மனம் அப்படியே ஏற்கவில்லை.

இந்த இயேசு விரைந்து நடக்கிறார்; நடந்துகொண்டே, பின்னால் வரும் சீடரைத் திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். அவருடைய குரலில் கண்டிப்பு மிகுதி. குழந்தைகளைக் காணும்போது முகம் மலர்கிறதாயினும், பாவிகளோடு பந்தியமர்ந்து உரையாடிய அந்த இளகிய நெஞ்சம் போதிய அளவு வெளிப்படவில்லை. மத்தேயுவின் நூலிலேயே சுமை சுமந்து சோர்ந்தோரை அழைக்கும் குரலும் உண்டு, மறைநூல் அறிஞரைக் கடிந்துகொள்ளும் குரலும் உண்டு. பின்னதே படத்தில் ஓங்கி ஒலிக்கிறது. சொற்களை மாற்றாமலேயே, எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் தேர்வினால் ஒரு விளக்கவுரை எழுதிவிட முடியும். பல உவமைகள் விடுபட்டுள்ளன. நிகழ்ச்சிகளின் வரிசையும் மாறியுள்ளது. சொல்லுக்கு உண்மையாயிருப்பதும் முழுமைக்கு உண்மையாயிருப்பதும் ஒன்றல்ல.

அருஞ்செயல்கள் கண்ணிமைப்பொழுதில் நிகழ்கின்றன. தொழுநோயால் சிதைந்த முகம் ஒரு கணம். தூய முகம் மறுகணம். அவ்வளவே. தொட்டுக் குணமாக்கும் பரிவு நம் கண்ணில் நிற்க நேரமில்லை. உயிர்ப்பும் அவ்வாறே விரைந்து முடிகிறது. கல்லறைக் கல் விழுகிறது, வானதூதர் பேசுகிறார், மக்கள் ஓடுகின்றனர், ஆண்டவர் சீடரை உலகெங்கும் அனுப்புகிறார், படம் முடிகிறது. நம் ஊர்ப் பாஸ்கா மேடைகளில் உயிர்த்தெழும் காட்சிக்காக நள்ளிரவு கடந்தும் காத்திருந்து, வாணவேடிக்கையும் மணியோசையுமாக அதை வரவேற்றுப் பழகிய நமக்கு அந்த வேகம் ஒரு குறையாகவே படுகிறது.

யூத சமயத் தலைவர்களை உயர்ந்த விந்தைத் தொப்பிகளோடு, இறுகிய முகங்களோடு ஒரே அணியாகக் காட்டியிருப்பதையும் விழிப்போடு பார்க்க வேண்டும். பசோலினியின் கருத்தில் அவர்கள் எக்காலத்திலும் உள்ள அதிகார வர்க்கத்தின் குறியீடு. ஆயினும் ஆண்டவரின் சாவுக்கு அக்கால யூதர் அனைவரையும், இக்கால யூதரையும் பொறுப்பாக்கலாகாது என்று வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில், அதாவது இப்படம் வந்த மறு ஆண்டில், அறிவித்ததை நாம் மறக்கலாகாது. இயேசுவும் யூதர்; அன்னையும் யூதர்.

இருபுறத்துக் கல்

1964 செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. வலதுசாரியினர் சிலர் வெளியே கூச்சலிட்டு எதிர்த்தனர். சமய நிந்தனைக்காகத் தண்டனை பெற்றவர் நற்செய்தியைத் தொடலாமா என்பது அவர்கள் கேள்வி. மறுபுறம், இடதுசாரித் திறனாய்வாளர் பலருக்கும் அதிருப்தி. மார்க்சியர் ஒருவர் அருஞ்செயல்களையும் வானதூதரையும் இத்துணைப் பயபக்தியோடு காட்டலாமா என்று அவர்கள் வினவினர். விழா நடுவர் குழு தனிச் சிறப்புப் பரிசு வழங்கிற்று. அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பான 'ஓசிக்' தன் விருதையும் வழங்கிற்று.

இந்த விருதின் பொருளை உணரச் சற்றுப் பின்னோக்க வேண்டும். 1936இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் திரைப்படம் பற்றி எழுதிய சுற்றுமடலில், தீய படங்களினின்று மக்களைக் காப்பதே முதற்கவலையாய் இருந்தது. அது தேவையான கவலையே. 1963 டிசம்பரில் சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றிய வத்திக்கான் சங்க ஏடு, அவற்றை இறைவன் அளித்த திறனால் மனிதர் கண்ட வியத்தகு கருவிகளாகப் போற்றிற்று. காவல்காரரின் பார்வையோடு, நல்லதைத் தேடிக் கண்டுபிடிப்பவரின் பார்வையும் சேர்ந்தது. அடுத்த ஆண்டே அப்பார்வைக்கு வந்த கடினமான தேர்வு இப்படம். 1995இல், திரைப்படத்தின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. 2014இல் வத்திக்கான் நாளேடு, இயேசுவைப் பற்றி வந்த படங்களுள் ஒருவேளை இதுவே மிகச் சிறந்தது என்று எழுதிற்று.

பசோலினியின் பிற்காலப் படைப்புகள் பல நம்மால் ஏற்கத்தக்கவை அல்ல. 1975 நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் நாம் நினைவுகூரும் அந்நாளில், உரோமைக்கருகே ஓஸ்தியாவில் அவர் கொலையுண்டு கிடந்தார். அவர் இறுதிவரை நம்பவில்லை என்றே அவருடைய எழுத்துகள் காட்டுகின்றன. அவரைப் புனிதராக்குவது நம் வேலையன்று. தீர்ப்பிடுவதும் நம் வேலையன்று.

நமக்கு எஞ்சுவது

இப்படத்தைக் கண்டு நாம் தயங்கிய இடங்களை மீண்டும் எண்ணிப்பார்ப்போம். இயேசுவின் கண்டிப்பு நம்மை உறுத்துகிறது. அது இயக்குநர் கூட்டியதால் மட்டுமா? செல்வரைப் பற்றியும், வெளிவேடத்தைப் பற்றியும், வாளைப் பற்றியும் ஆண்டவர் கூறியவை மத்தேயுவின் பக்கங்களில் அப்படியே உள்ளன. ஞாயிறுதோறும் நம் வாசகமேடையிலிருந்து அவை படிக்கப்படுகின்றன. பழகிய குரலில், பழகிய இடத்தில் கேட்கும்பொழுது அவை நம்மைக் குத்துவதில்லை. முன்பின் அறியாத ஒருவர் முதன்முறையாகப் படித்து அதிர்ந்து அதே அதிர்ச்சியோடு உரக்கச் சொல்லும்பொழுது நாம் திடுக்கிடுகிறோம். ஆண்டவர் சிலுவையில் உயிர்விடும் வேளையில் திரை முற்றிலும் இருண்டுவிடுகிறது. கேட்டும் உணராத மக்களைப் பற்றிய இறைவாக்கு மட்டும் இருளில் ஒலிக்கிறது. அது யாரைக் குறிக்கிறது என்று எண்ணுவோம்?

அதே சமயம் நம் தயக்கம் வெறும் பழக்கத்தின் முணுமுணுப்பும் அன்று. கனிவும், பந்தியும், உயிர்ப்பின் நீண்ட மகிழ்ச்சியும் திருச்சபை இருபது நூற்றாண்டுகளாக அனுபவித்துக் காத்த செல்வங்கள். வாசலில் நிற்பவர் சன்னலைக் காண்பார். வீட்டினுள் எரியும் விளக்கை உள்ளிருப்பவரே அறிவார். பசோலினிக்கு நற்செய்தி ஒரு நூலாகவே நின்றது. நமக்கோ அது நற்கருணையில் நம்மிடம் வருபவரின் வாழ்வு. அவர் காட்டாமல் விட்டதை வாழ்ந்து காட்டுவது நம் கடமை. தொட்டுக் குணமாக்கும் பரிவைத் திரையில் தேடி ஏமாறுகிற நாம், அதை நம் பங்கின் தெருக்களில் காணச் செய்கிறோமா?

அசிசியில் யாரோ ஒருவர் ஒரு புத்தகத்தைக் கட்டிலருகே வைத்தார். ஓர் அமைப்பினர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது ஒருவரோடு பேசினர். முதிய திருத்தந்தை ஒருவர் தவறையும் மனிதரையும் வேறாகப் பார்க்கச் சொன்னார். இம்மூன்றும் நம் கைக்கு எட்டாத பெருஞ்செயல்கள் அல்ல. நம் இல்லங்களுக்கு வந்துபோகும் நம்பாத நண்பர் ஒருவர் கையெட்டும் தொலைவில் மத்தேயுவின் நூல் இருக்கிறதா? அவர் அதைப் படித்துவிட்டுச் சொல்லப்போவதைப் பொறுமையோடு கேட்க நாம் அணியமாய் இருக்கிறோமா?